கிணற்றுக்குள் தொங்கிய பூ

என் கணவர் கட்டாருக்குப் போனது தோட்ட வேலைக்கு. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். கிளிநொச்சியில், வாய்க்கால் தண்ணீர் பாயும் காணியில் பிறந்து வளர்ந்த மனிதன், புல்லும் முளைக்காத மணலில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடப் பிளேன் ஏறிப் போனார். வீட்டுத்திட்ட வீடு ஓடு போடாமல் பாதியில் நின்றது, அதற்காகத்தான் போனார். ஓடு போட்டாயிற்று. பிறகு தண்ணீர் மோட்டர், பிறகு மதில், பிறகு மகளின் படிப்பு. ஒருமுறை லீவில் வந்து போனார். அடுத்த லீவுக்குக் கொரோனா குறுக்கே நின்றது, அதற்கடுத்ததற்கு நாட்டில் எரிபொருளும் இல்லை, சாமானும் இல்லை. சாட்டுக் கிடைக்காத வருசம் என்று ஒன்று அவருக்கு இருக்கவே இல்லை. நான் கோபக்காரி. ஆனால் போனில் எவ்வளவுதான் கோபப்பட முடியும்? கோபம் நன்றாக ஏறி வருகிற நேரம் பார்த்து சிக்னல் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், ஒரு படம் அனுப்பினார். அவர் வேலை செய்யும் பெரிய வீட்டில், நிழல்வலை கட்டிய கொட்டகைக்குள் ஆள் உயரத்தில் ஒரு செடி. பூ ஒவ்வொன்றும் முழங்கை நீளம், சந்தனமும் செம்மஞ்சளும் கலந்த நிறம். எல்லாமே வாயைக் கீழே வைத்துத் தொங்கின.

"வீட்டுக்கார மேடம் இதைப் பிள்ளை மாதிரிப் பாக்குது. பேர் என்னவோ சொல்லுது, என்ரை வாயில வருகுதில்லை" என்றார்.

"இதுக்கோ இந்த எடுப்பு? எங்கட பெரியம்மா வீட்டு வேலி முழுக்க இதுதான்" என்றேன்.

பொய்யில்லை. என் அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அம்மாவின் அக்கா மட்டும் மலையிலேயே தங்கிவிட்டார். அங்கே இந்தச் செடி ரோட்டோரம், தண்ணீர் ஓடும் கான் ஓரம், லய வீடுகளுக்குப் பின்னால் என்று ஒருவரும் தண்ணீர் விடாமலே மண்டிக் கிடக்கும். மர ஊமத்தை என்போம். சின்ன வயதில் ஒருமுறை அங்கே போனபோது, பின்னேரத்தில் பனி இறங்க இறங்க அந்தப் பூ மணக்கத் தொடங்கியது. பெரியம்மாவின் போர்வைக்குள் இருந்துகொண்டு அந்த மணத்தை இழுத்து இழுத்து விட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. கிளிநொச்சியில் எனக்குப் போர்வையே தேவைப்பட்டதில்லை. மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "புரூக்மான்சியா அம்மா" என்றாள். பெயர் கிடைத்தது, பூவுக்கு எங்கே போவது?

அன்றைக்குத்தான் அந்தப் பந்தயக் கதை வந்தது. "பாலைவனத்தில நான் பூக்க வைச்சிட்டன். உன்ரை கிளிநொச்சியில ஒரு பூ பூக்க வைச்சுக் காட்டு பாப்பம்" என்று சீண்டினார்.

"பூத்தா?"

"பூத்தா அடுத்த பிளேனில வாறன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடிப்பதற்கு வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை.

நல்ல காலம், அடுத்த மாதமே பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம். போனேன். கலியாண வீட்டில் எல்லோரும் பலகாரப் பொதியோடு புறப்பட, நான் ஈரத் துவாயில் சுற்றிய மர ஊமத்தைத் தடிகளோடு பஸ் ஏறினேன். வவுனியாவில் பஸ் மாறும்போது துவாய் காய்ந்திருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டு, தொண்டை வறள வீடு வந்து சேர்ந்தேன்.

நிலத்தில் நட்ட தடிகள் துளிர்த்தன, பிறகு கருகின. மாமரத்து நிழலில் நட்டவை சோளகக் காற்று தொடங்கியதும் ஒரே கிழமைக்குள் சருகாகின. எங்கள் சோளகம் வீசினால் கொடியில் போட்ட சேலை கஞ்சி போட்டதுபோல விறைத்து நிற்கும், மலைச்செடி என்ன செய்யும்? மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதையும் பெயின்ற் வாளியில் மண் போட்டு நட்டு, முற்றத்து மூலையில் வைத்தேன். பக்கத்து வளவு அக்கா அன்றைக்கே வேலிக்கு வந்துவிட்டார். அவா ஆடு வளர்க்கிறவா.

"உது ஊமத்தைச் சாதி எல்லே? என்ரை ஆடு கடிச்சுச் செத்தா ஆர் பதில் சொல்லுறது? கண்டறியாத பூ உனக்கு!"

அவா சொன்னது நியாயம். அதனால்தான் கூடக் கோபம் வந்தது. ஆட்டுக்கு எட்டாமலும் வைக்க வேண்டும், வெயில் காற்றுப் படாமலும் வைக்க வேண்டும். வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றினேன். சுற்றிய சுற்றில் பழைய கிணற்றடியில் வந்து நின்றேன்.

எங்கள் வளவில் இரண்டு கிணறு. வீட்டோடு இருப்பது புதியது. பழையது வளவின் கடைசியில். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அதை இறைத்துத் துப்புரவாக்கினோம், ஆனால் சண்டைக்குள் அதில் என்னென்ன விழுந்து கிடந்ததோ என்று அந்தத் தண்ணீரைக் குடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கரண்ட் வராத அந்த நாட்களில் அந்தக் கிணறுதான் எங்கள் பிரிட்ஜ். விருந்தாளி வருகிறார் என்றால் சோடாப் போத்தல்களை வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கிவிடுவோம். இவர் என்னைப் பெண் பார்க்க வந்ததும் அப்படியொரு நாளில்தான். தறப்பாள் கொட்டிலுக்குள் நெருப்பாய்க் காய்ந்துகொண்டிருந்தவருக்கு, கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த சோடாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து, "இவ்வளவு குளிரா எங்கையிருந்து எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. என் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, போத்தலை நன்றாகப் பார்த்தார்.

அதை நினைத்துச் சிரித்தபடி கப்பியில் கயிற்றைப் போட்டேன். பெயின்ற் வாளியைக் கட்டி, வானம் தெரிகிற ஆழத்துக்கு இறக்கிக் கட்டிவிட்டேன். உச்சி வெயில் நேரே விழும் நேரத்துக்கு மட்டும் கிணற்றின் பாதியைத் தென்னோலைக் கிடுகால் மூடினேன். காலையில் இறக்குவது, வெயில் தணிந்ததும் ஏற்றுவது. ஊரில் தண்ணீர் அள்ளத்தான் கிணற்றடிக்குப் போவார்கள், நான் செடி அள்ளப் போனேன். அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "விசர் முத்திப்போச்சு" என்றார். ஆனால் ஆட்டைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

செடி பிழைத்தது. இலை கையகலம் விரிந்தது. பிறகு இலையோரம் மஞ்சளாகிக் கருகத் தொடங்க, பயந்துபோய் இவருக்குப் படம் அனுப்பினேன்.

"கிணத்துத் தண்ணியோ விடுறனீ? உங்கட தண்ணியில சுண்ணாம்பு. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் அடியைப் பார், வெள்ளையா இருக்கும். அதைச் செடி தாங்காது. இஞ்சத்தைய தண்ணியும் சரியில்லை. நான் ஏசியால சொட்டுற தண்ணியைப் பிடிச்சு வைச்சுத்தான் விடுறனான்."

"எங்களிட்டை ஏசி இருக்கோ?"

"வானம் இருக்கெல்லே? மழையைப் பிடிச்சு வை."

ஓட்டில் விழுந்த மழையைப் பீப்பாயில் பிடித்து, செடிக்குக் கிண்ணத்தால் விட்டேன். ஆவணியில் ஒரு மொட்டு வந்தது. விரல் நீளம் வளர்ந்து, ஒரு காலையில் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரில் மிதந்தது. அதை அள்ளி எடுத்துச் சாமிப் படத்தடியில் வைத்தேன். ஒரு மொட்டுக்காகவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இவர் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். சிரிக்கவில்லை. "முதல் மொட்டு இஞ்சையும் நிக்கிறேல்லை. சூடு குறையோணும். மார்கழி வரைக்கும் விடாமல் பார்" என்றார். பூத்துவிட்டால் தோற்கப்போகிறவர் அவர். அவரே எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் வர ஆசைதான் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நம்பினேன்.

அந்த நாட்களில் அவர் ஒரு பார்சல் அனுப்பினார். மகளுக்கு ஒரு சட்டை, இளநீலம், கழுத்தில் சரிகைப் பூ. அவள் தலையால் போட்டுப் பார்த்தாள், தோளைத் தாண்டி இறங்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாள்.

எங்கள் வீட்டில் வீடியோ கோல் என்றால், சிக்னல் பிடிக்கும் எலுமிச்சை மரத்தடியில் போனை முகத்துக்கு நேரே நெருக்கிப் பிடிப்பதுதான். அன்றைக்கு மகள் அந்தச் சட்டையைத் தாடைக்குக் கீழே நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "அளவா இருக்கப்பா" என்றாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நான் வீட்டுக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் மழை கொட்டத் தொடங்கியது. கிணற்றில் தண்ணீர் மேலே வர வர, வாளியை மேலே மேலே இழுத்துக் கட்டினேன். கடைசியில் செடி கிணற்றுக்கு வெளியே, கப்பி மரத்திலிருந்து தொங்கியது. அதற்குள் வெளியும் குளிர்ந்துவிட்டது. மார்கழியில் மழை விட்டது. விடியப்புறம் முற்றத்தில் பனி விழுந்தது. மொட்டு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒரு மொட்டு நிலைத்தது. வெளிறிய பச்சையாக நீண்டு, சுருட்டிய குடைபோலத் தொங்கி, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விரிந்தது.

அப்போதே மணம் வரவில்லை. வெயில் இறங்கி, வாடைக்காற்று மெல்ல அசைந்த பிறகு வந்தது. பெரியம்மாவின் போர்வைக்குள் நான் இழுத்து விட்ட அதே மணம். பக்கத்து வளவு அக்கா விளக்குமாறோடு வந்து மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றார். "விசர்தான், ஆனாலும் நல்ல விசர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவருக்கு வீடியோ கோல் எடுத்தேன். அங்கே மத்தியானம் கழிந்த நேரம், அறையில் படுத்திருந்தார். அதிசயமாகச் சிக்னல் கிணற்றடிவரைக்கும் வந்தது. போனைத் திருப்பி, கிணற்றைக் காட்டினேன். பூ கீழே பார்த்துத் தொங்குகிற பூ, மேலே தூக்கினால்தான் அதன் வாய் தெரியும். கையைக் காட்டினேன், கயிறு இழுபட்டு வாளி ஏறத் தொடங்கியது. நான் போனைத் தாழ்த்திப் பிடித்தபடி பேசாமல் நின்றேன். அவர் தோற்றதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

"அட, பூத்திட்டுது!" என்றார். பிறகு உடனேயே, "இஞ்சேர், மெல்ல இழு. உனக்கு இடுப்பு நோ எல்லே? அவ்வளவு பாரத்தைத் தூக்கிறாய். பிள்ளையைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. திரையைப் பார்த்தேன். என் பழைய வீட்டுச் சட்டை, என்னைப் போலவே அள்ளி முடிந்த கொண்டை, எங்களுக்கு முதுகு காட்டிக் கயிறு இழுக்கும் உருவம்.

"பிள்ளைதான் இழுக்கிறாள்" என்றேன்.

சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன். போகவில்லை. அவருடைய ஏசித் தண்ணீர் தகரத்தில் சொட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப, போனை ஆர் பிடிச்சிருக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

மகள் கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்பினாள். "அப்பா, பூ தெரியுதோ?" என்று போனை நோக்கி வந்தாள்.

"கிட்ட வராதை பிள்ளை, அங்கையே நில்" என்றார் அவர். "கொஞ்சம் பின்னால போ. இன்னும் கொஞ்சம். கால் தெரியட்டும்."

அவள் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டே பின்னால் போனாள், கிணற்றுக்கட்டில் முதுகு முட்டும்வரை. பூ அவள் தலைக்கு மேல் தொங்கியது. அதை அவர் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்தபடி, "நான் வாறன்" என்றார். அடுத்த பிளேன் என்றோ வாற வருசம் என்றோ சொல்லவில்லை. வழக்கமாக அவர் வாறன் என்றால் எந்த மாதம், எந்தத் தேதி என்று குடைந்தெடுப்பேன். அன்றைக்குத் தேதி கேட்கவில்லை. போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், தலையிலிருந்து கால்வரை அவள் முழுதாகத் தெரியட்டும் என்று. அவள் காலில் கிடந்ததும் என் செருப்புத்தான்.