வெள்ளாற்றுக்குக் குறுக்கே காசியம்மாள்

காசியம்மாளைப் பற்றிக் கேட்டால் எங்கள் கம்பெனியில் எல்லோரும் அவள் பொறுமையைத்தான் சொல்வார்கள். பொறுமையாவது, மண்ணாங்கட்டியாவது! பதினேழு வருஷம் ஒரே கொட்டகையில் அவளோடு வேலை பார்த்தவள் நான். பொறுமை என்ற சரக்கே அவளிடம் கிடையாது, இருப்பதெல்லாம் பிடிவாதம். தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனி சின்னது. ஒரு பக்கம் மின்கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர், இன்னொரு பக்கம் பொம்மையும் அகல் விளக்கும். நான், பிரபா, இன்சுலேட்டரைப் பளபளப்புக்காகக் கிளேஸ் குழம்பில் முக்கி எடுக்கிறவள். காசியம்மாள் அச்சுப் பிரிவு. வெள்ளைச் சாந்தில் செய்த அச்சுக்குள் பால்போலக் கரைத்த களிமண்ணை ஊற்றுவாள். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும், மண் உள்ளே தோலாகப் பிடித்து நிற்கும். அச்சைப் பிரித்தால் பிள்ளையாரோ கிளியோ வெளியே வரும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் அவள் நாள் முழுக்கக் கத்துவது ஒன்றே ஒன்றுதான்: அச்சைத் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், ஊறிப்போனால் ஒன்றுக்கும் ஆகாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவளுக்குக் கருவேப்பிலங்குறிச்சிக்குக் கிழக்கே, வெள்ளாறு வளைகிற இடத்தில் ஒரு ஏக்கர் நிலம். பிறந்த வீட்டுச் சீதனமும் இல்லை, புருஷன் வழி வந்ததும் இல்லை. அச்சுப் பிரித்த சம்பளத்தில் சீட்டுக் கட்டி அவளே வாங்கியது. உளுந்தும் கத்தரியும் போடுவாள். பட்டாவில் ஒரு ஏக்கர் என்றுதான் இருக்கும், போய் நின்று பார்த்தால் எழுபது சென்ட் இருந்தாலே அதிகம். மிச்சத்தை ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பரங்கிப்பேட்டைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது.

ஆறு எப்படித் தின்கிறது என்று அவளைப்போல யாரும் பார்த்ததில்லை. அந்தக் கரையில் மேலே ஒரு ஆள் உயரத்துக்குக் களிமண், அடியில் வெறும் மணல். வெள்ளம் வந்தால் அடி மணலைத்தான் சுரண்டும். மேல்மண் கூரைபோல அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் நிறைந்திருக்கிற வரை அதுவே முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்ளும், வடிந்த பிறகுதான் ஈரத்தில் கனத்துப்போன கரை பொத்தென்று உட்காரும். ஊரில் எல்லோரும் வெள்ளம் ஏறும்போது பயப்படுவார்கள், வடிந்ததும் சோறு தின்னப் போவார்கள். காசியம்மாள் வடியும்போதுதான் கரைக்கு ஓடுவாள்.

அவள் புருஷன் அர்ச்சுனன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல மனுஷன்தான், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், அது ஒன்றுதான் குறை. செங்கல் சூளைக்கு மண் எடுக்கிற குருமூர்த்தி அவரை டீக்கடையில் பிடித்து உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். எப்படியும் ஆறு கொண்டுபோகப் போகிற மண், அதற்கு முன்னால் சூளைக்குக் கொடுத்தால் கை நிறையக் கிடைக்கும் என்று. அர்ச்சுனனுக்கு அது நியாயமாகவே பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து தன் நிலத்தைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். காசியம்மாள் அன்றைக்குச் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றாமலே எழுந்து போய்விட்டாளாம்.

அந்த மாதமே என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போனாள். பூவராகசாமி முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று பஸ்ஸில் கேட்டேன். வேண்டிக்கொள்ளவில்லை, கேள்வி கேட்டேன் என்றாள். மொத்தப் பூமியையும் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த சாமிக்கு என் முப்பது சென்ட் கண்ணில் படவில்லையா என்று கேட்டாளாம். அடியம்மா, சாமியையே இப்படி நிற்க வைத்துக் கேட்கிறவளிடம் குருமூர்த்தி எந்த மூலைக்கு என்று அப்போதே நினைத்தேன்.

சாமி பதில் சொல்கிற வரை காத்திருக்கிற ஜாதி இல்லை அவள். கம்பெனிக்குப் பின்னால் தேய்ந்துபோன அச்சுகள் மலையாகக் குவிந்து கிடக்கும். நூறு தடவைக்குமேல் மண் ஊற்றினால் அச்சின் முகம் மழுங்கிவிடும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும், ஒன்றோடொன்று பொருந்துவதற்குக் குழியும் குமிழும் வைத்தே செய்திருப்பார்கள். கரைக்குச் சுவர் கட்ட இதைவிட என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முதலாளி இடம் காலியானால் சரி என்று தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அர்ச்சுனனின் லோடு ஆட்டோவில் அச்சுகளை ஏற்றிக்கொண்டு போய் அடுக்கினாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். ஆடி முடிவதற்குள் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைச் சுவர் எழும்பிவிட்டது. ஊரே வந்து பார்த்தது. நானும் போய்ப் பார்த்து, பலே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை பாருங்கள். தினமும் தண்ணீரைக் குடிக்க வைத்துத்தான் அந்த அச்சிடம் வேலை வாங்குகிறோம். ஐப்பசி மழையில் ஆறு வந்தது, அச்சுகள் வயிறு முட்டக் குடித்தன. பதினைந்து நாளில் சுவர் தயிராகிவிட்டது. கையை வைத்தால் உள்ளே போனது. வெள்ளம் வடிந்தபோது சுவரும் போய், அதன் பின்னாலிருந்த கரையும் நாலடி போயிற்று.

கொட்டகையே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன், பொய் சொல்வானேன். அச்சைத் தண்ணீரில் போடாதே அக்கா என்று அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் வந்து, சிரிச்சு முடிச்சிட்டியா, ஞாயித்துக்கிழமை என்கூட வா என்றாள்.

அவள் காட்டியது இதுதான். கடைசி லோடு இறக்கியபோது அர்ச்சுனன் சோம்பல்பட்டு வண்டியிலிருந்ததை அப்படியே ஆற்றுக்குள் கவிழ்த்துவிட்டிருந்தார். அதில் அச்சோடு உடைந்த இன்சுலேட்டரும் கலந்திருந்தது. சாந்தெல்லாம் கரைந்துபோக, நெருப்பில் வெந்த பீங்கான் மட்டும் தண்ணீருக்குக் குறுக்கே ஒரு குவியலாக நின்றது. அந்தக் குவியலுக்குப் பின்னால் பாய் விரிக்கிற அளவுக்குப் புது மணல்! மற்ற இடத்திலெல்லாம் மண்ணை எடுத்துக்கொண்டு போன ஆறு, அந்த ஓர் இடத்தில் மட்டும் கொண்டுவந்து வைத்திருந்தது. ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே எதையாவது நீட்டினால் அது வேகத்தை விட்டுவிடும், வேகம் போனால் சுமையையும் கீழே போட்டுவிடும். எந்த இன்ஜினியரும் வந்து சொல்லவில்லை. புருஷனின் சோம்பேறித்தனத்திலிருந்து கற்றுக்கொண்டாள்.

இதற்குள் குருமூர்த்தி வீடு வரைக்கும் வந்துவிட்டார். நாலு பேர் முன்னால், வீண் வேலை பார்க்கிறீர்களே அம்மா என்று இளக்காரமாகப் பேசியிருக்கிறார். காசியம்மாளுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த வருஷக் கார்த்திகை வெள்ளத்தில் கரை ஓரடி போனாலும் மண்ணெடுக்கக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் அவள் வாக்கு அப்படிப்பட்டது. ஃபேன் மாட்டுகிற வரை கம்பெனி டீ குடிக்க மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னாள். மூன்று வருஷம் குடிக்கவில்லை. நடுவில் சூப்பர்வைசரே மாறிப்போனார், இவள் மாறவில்லை.

வேலிக்குப் போடுகிற கம்பி வலையைச் சுருட்டி, உள்ளே கம்பெனிச் சூளையில் விரிசல் விட்ட இன்சுலேட்டர்களைத் திணித்துத் தைத்தாள். ஒவ்வொன்றும் மாட்டின் உடம்பு அளவு. இரும்புக் கம்பி கிழித்து அவள் இரண்டு கையும் பார்க்கச் சகிக்காது. முதல் வலையை ஆற்றில் இறக்கிய நாள் மறு வருஷத்து ஆடிப்பெருக்கு. மற்றப் பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சளும் ஆற்றுக்கு விட்டுக்கொண்டிருக்க, இவள் முழங்கால் தண்ணீரில் நின்று பீங்கான் மூட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். ராஜம்மாள் என்று ஊரில் ஒரு பெரிய மனுஷி. ஆத்தா வயிற்றில் கல்லைப் போடுகிறாயே, உருப்படுவாயா என்று கத்தினாள். காசியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வருஷா வருஷம் என் வயித்துல அடிக்கிறா. அவளுக்கு நான் கருகமணி வேற விடணுமா?"

ஐப்பசிக்குள் கரையிலிருந்து ஆற்றுக்குள் அந்த மூட்டைகளால் மூன்று கைகள் நீண்டுவிட்டன. சும்மா சொல்லக்கூடாது, நானும் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் போய்த் திணித்துக் கொடுத்தேன். சிரித்த பாவத்துக்குப் பரிகாரம்.

கார்த்திகையில் மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் ஆறு கரை தொட்டு ஓடியது. செம்மண் நிறத்தில், மரமும் வைக்கோல் போரும் மிதந்து போயின. கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டார்கள், நான் பஸ் பிடித்து அவள் நிலத்துக்குப் போய்விட்டேன். அர்ச்சுனன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவள் நனைந்துகொண்டு நின்றாள். மறுநாள் காலை மழை விட்டது. கரை அப்படியே இருந்தது. தப்பிச்சோம் என்று அர்ச்சுனன் சிரித்தார். இன்னும் வடியவில்லை என்று மட்டும் அவள் சொன்னாள்.

அன்று முழுக்க வடிந்தது. ஒவ்வொரு சாணாகக் கரை வெளியே தெரிந்தது. நடுக்கை தெரிந்தது, பிறகு மேற்குக்கை. இரண்டுக்கும் பின்னால் ஒரு கட்டில் அகலத்துக்கு மணல் ஏறிக் கரையின் காலை மூடியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கிழக்குப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பக்கக் கையின் வலையை வெள்ளம் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. கரை மேலே கோடு போட்டதுபோல வெடித்தது. கத்தரிச் செடியோடு இரண்டடி அகலத்துக்கு மண் அப்படியே ஆற்றில் உட்கார்ந்தது.

காசியம்மாள் அந்த ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். விழுந்துடுச்சு என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாக்கு வாக்குதான் என்று அவளே கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

குருமூர்த்திக்கு எப்படித்தான் சேதி போயிற்றோ, மறுநாள் மதியம் பைக்கில் வந்து இறங்கினார், கையில் பேப்பர். பெருந்தன்மையாகவே பேசினார். நீங்கள் முயற்சி பண்ணியதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். காசியம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டாள். எத்தனை அடி ஆழம் எடுப்பீர்கள் என்று கேட்டாள். ஆறடி என்றார். எத்தனை நாளில் என்றாள். மிஷின் விட்டால் ஒரு வாரம் என்றார். காசியம்மாள் பேனாவை மூடினாள்.

"ஆறு இந்த வருஷம் ரெண்டடி, அதுவும் ஒரு ஓரத்துல எடுத்துது. அந்தப் பக்கம் மணலைத் திருப்பிக் கொடுத்துட்டும் போயிருக்குது. நீங்க ஒரே வாரத்துல நிலத்தையே எடுத்துட்டுப் போவீங்க, ஒரு கூடை மண்ணு திரும்பி வராது. கையெழுத்துப் போட மாட்டேங்க."

வாக்குக் கொடுத்தீர்களே அம்மா என்றார் அவர். நாலு பேர் சாட்சி இருக்கிறார்கள் என்றார்.

"ஆமாங்க, கொடுத்தேன். இப்ப மீறுறேன். காசியம்மா வாக்கு தவறிட்டான்னு டீக்கடையில சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டுல சொல்லுங்க. கேட்டா நானும் ஆமான்னுதான் சொல்லுவேன்."

மூன்று வருஷம் டீ குடிக்காதவள் சொல்கிறாள் இதை. பேனாவை அவரிடமே திருப்பி நீட்டினாள். குருமூர்த்தி பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். டீக்கடையில் தலையாட்டிய ஆள் அவர்தானே. என்ன அர்ச்சுனா, நீயே சொல்லு என்றார்.

அர்ச்சுனன் ஆற்றைப் பார்த்தார். பெண்டாட்டியின் கிழிந்த கைகளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"என்னை ஏங்க கேக்குறீங்க? நெலம் அவளுது."

சொல்லிவிட்டு, பிய்ந்துபோன வலையின் நுனி எங்கே கிடக்கிறது என்று தேடிக்கொண்டு, அந்த மனுஷன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.