கடலுக்கு எஸ்.டி.டி. நம்பர்

பயம் வந்தால் எனக்குக் கால் ஓடாது, வாய்தான் ஓடும். போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நானாகவே, உப்பை அடியோடு விட்டுவிட்டேன், ஊறுகாய் நிறம்கூட மறந்துபோச்சு என்று அளக்க ஆரம்பித்துவிட்டேன். அன்று காலையில் தயிர்சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்ட கையில்தான் அவர் நாடி பிடித்துக்கொண்டிருந்தார். மீட்டரை ஒரு தடவையும் என் மூஞ்சியை ஒரு தடவையும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது அத்தை ஞாபகம் வந்தது. இந்த வாய் முதல் முதலில் ஓடியது அத்தை விஷயத்தில்தான்.

தொண்ணூறுகளில் நாங்கள் கணபதியில் இருந்தோம். முன்பக்கம் அப்பாவின் லேத் பட்டறை, பின்பக்கம் வீடு. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தார். சரவணம்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கடலை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார், ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது டூர் போன இடத்தில். அந்த டூர் போட்டோ வீட்டில் இருந்தது. எல்லாரும் அலையில் கால் நனைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அத்தை மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் மணலில் ஓர் ஆமை செத்துக் கிடந்ததாம். அதன் வாயிலிருந்து ஒரு பாலித்தீன் கவர் பாதி தொங்கிக்கொண்டிருந்ததாம். ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமைகள் கவரை விழுங்கிவிடும் என்பதை அத்தை பிற்பாடு நூலகத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார். கடல் கண்ணில் படாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

டிராயிங் தாளில் தானே எழுதி, தானே படம் வரைந்து, கோணி ஊசியால் தைத்த புத்தகம். அதில் வரும் ஆமைக்கு அம்மணி என்று பெயர், அம்மா அத்தையைக் கூப்பிடுவதும் அப்படித்தான். அம்மணி முட்டையை உடைத்துக்கொண்டு வருவாள், நண்டோடு சண்டை போடுவாள், நீந்தி நீந்திப் பெரியவள் ஆவாள். கடைசியில் ஒரு கவர் மிதந்து வரும். அம்மணி வாயைத் திறப்பாள். அதோடு கதை முடிந்துவிடும். எதிர்ப் பக்கத்தில் ஒரு படம். எங்கள் பட்டறை, அதன் பின்னால் சாக்கடை, சாக்கடை போய்ச் சேரும் சங்கனூர்ப் பள்ளம் என்கிற ஓடை, பள்ளம் சேரும் நொய்யல், நொய்யல் சேரும் காவிரி, அப்புறம் கடல். பட்டறை வாசலில் டவுசர் போட்ட பையன் ஒருவன் கவரை வீசிக்கொண்டு நிற்பான். காது இரண்டும் அகலமாக விறைத்துக்கொண்டிருக்கும். அது யார் காது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அத்தையின் பள்ளித் தாளாளர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆண்டு விழாவுக்கு அச்சடித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்துவிடலாம் என்றாராம். பிள்ளை சத்தம் போட்டுப் படித்தால் வீட்டில் பெரியவர்களுக்கும் படித்த மாதிரிதானே என்பது அவர் கணக்கு. ஆனால் முதலில் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும், படித்த பிறகு அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னாராம். அந்தப் பிள்ளையாக என்னைப் பிடித்தார்கள்.

அம்மாவுக்கு ஆமை ஆகாது. வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பம் நாசம் என்பது அவர் நம்பிக்கை. தாளில் இருந்தாலும் ஆமை ஆமைதான் என்று சொல்லிவிட்டார். அதனால் புத்தகம் வாசற்படி தாண்டவில்லை. பட்டறை மேஜையின் டிராயரில், டிரில் பிட்டுகளோடு குடியிருந்தது. நான் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்து படித்தேன். கடல் மேலெல்லாம் இரும்புத்தூள் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது பள்ளத்துப் பாலத்தில் எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கவர், வயிறு உப்பி, மிதந்து போய்க்கொண்டிருந்தது. அம்மணியைத் தேடித்தான் போகிறது. கரையோரமாக அதைத் துரத்தினேன். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு ஓடினேன். கவர் ஜெயித்துவிட்டது. இனி அம்மணிக்குத் தகவல் சொல்வது ஒன்றுதான் வழி என்று பட்டது. நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

"ஏனுங்க, கடலுக்கு என்ன நம்பருங்க?"

பூத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கடல்ல யாரு கண்ணு இருக்கறாங்க?"

"ஆமைங்க."

"ராத்திரி பத்து மணிக்கு மேல வா சாமி, ரேட்டு கம்மி" என்றார் அவர். அவர் சிரிக்காமல் சொன்னதால் அதையும் நம்பினேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த கவர் ஒன்றையும் வெளியே போக விடவில்லை. பால் பாக்கெட், மளிகைக் கவர், ஞாயிற்றுக்கிழமைக் கறிக் கவர் என்று எல்லாவற்றையும் டவுசருக்குள் செருகிக்கொண்டு போய், கதவு போட்ட பரணான அட்டாலியில் திணித்துவைத்தேன். பக்கத்து வீட்டுக் குப்பைக்கூடையிலும் கையை விட்டேன். கொஞ்ச நாளில் அட்டாலியிலிருந்து ஒரு நாற்றம் இறங்க ஆரம்பித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று சொல்லி அப்பா ஏணி போட்டு ஏறினார். கதவைத் திறந்ததும் சேர்த்துவைத்த கவர் முழுக்க அவர் தலையில் கொட்டியது. கறிக் கவர் ஒன்று காதோரம் ஒட்டிக்கொண்டது. எனக்கு வாய் ஓட ஆரம்பித்தது. அம்மணி, நொய்யல், பூத்து ரேட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறிக் கொட்டினேன்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆமைதான் வேலையைக் காட்டிவிட்டது. சாயங்காலமே பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போய் ஓதி ஊதச் சொன்னார். மாரியம்மன் கோயிலில் மந்திரித்து என் மணிக்கட்டில் கயிறும் கட்டினார். கவர்களையெல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தார் அப்பா. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன்.

அடுப்படியில் அம்மா அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நம்ம ஊட்டுப் பையனையே பயமுறுத்திப்போட்டு, ஊர்ப் புள்ளைகளுக்கு வேற குடுக்கப் போறயா அம்மணி? அடுக்குமா?"

எனக்கு விஷயம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். நான் பயந்துவிட்டேன், அதனால் புத்தகம் கெட்ட புத்தகம் ஆகிவிட்டது. நான் பயப்படவில்லை என்றால் அது நல்ல புத்தகம். கயிறு கட்டியாச்சு, இனி யார் கேட்டாலும் பயமில்லை என்று சொல்லோணும் என்று அம்மாவும் சொல்லிவைத்திருந்தார். இரண்டும் ஒத்துப்போனதில் எனக்கு மகா சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளாளரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அட்டாலிக் கதையை அத்தை அவரிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. அவர் மோர் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, அத்தை எழுதுன ஆமைக் கதையப் படிச்சயாமா?"

"படிச்சனுங்க."

"படிச்சுப்போட்டு என்ன பண்ணுனே?"

"ஒண்ணுமே பண்ணலீங்க." அங்கேயே நின்றிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அதெல்லாம் சும்மா கதைங்க. கவரத் தின்னா ஆமைக்கு ஒண்ணும் ஆவாதுங்க. நான் அன்னிக்கே மறந்துபோட்டனுங்க."

"கவரெல்லாம் எடுத்து அட்டாலில வெச்சயாமே?"

"எந்தக் கவருங்க?"

அம்மா கதவோரம் நின்று பெருமையாகத் தலையாட்டினார். தாளாளர் அத்தையை ஒரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தங்கம் என்று நினைத்து உரசிப் பார்த்தது பித்தளை என்று தெரிந்தவர் மாதிரி இருந்தார். "சரிங்க டீச்சர். புள்ளைங்க மனசுல நிக்கற மாதிரி வேற ஏதாச்சும் எழுதுங்க, பாக்கலாம்" என்று எழுந்துகொண்டார்.

அந்த வருடம் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். ஒவ்வொரு டம்ளரும் ஒரு பாலித்தீன் கவருக்குள் இருந்தது. அத்தை வேறு எதுவும் எழுதவில்லை. வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்டுப் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். நான் அங்கே போகும்போது பழக்கடைக் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். துவைக்கிற நாளில் என் எல்லாப் பைகளிலிருந்தும் கவராக வருகிறது என்று வீட்டில் திட்டு. போன தடவை நான் மடித்துவைப்பதை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். மறக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இந்த வருடம் வெயில் ஜாஸ்திங்களே அத்தை என்றுதான் வந்தது. வேண்டாத இடத்தில் அந்த ஓட்டம் ஓடுகிற வாய், வேண்டிய இடத்தில் ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாளாளரின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிய பிறகு, அத்தை என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்து மணிக்கட்டுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நெசமாலுமே மறந்துபோட்டயா சாமி?"

அம்மா பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "ஆமாங்கத்தை" என்றேன். புத்தகத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு ஒரு மிட்டாயாவது கிடைக்கும் என்று அத்தை கையைப் பார்த்தேன். கை காலியாக இருந்தது. என் தலையைத் தடவிவிட்டு, போய் விளையாடு என்றார்.

வாசலில் நின்று பம்பரத்துக்குச் சாட்டை சுற்றினேன். பட்டறைக்குள் டிரில் பிட்டுகள் உருள டிராயர் மூடுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட அப்பாவுக்கு வேலை ஓயவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டே பம்பரத்தை விட்டேன்.