முழுகாமல் இருந்தவள்

எழுபதுகளின் கடைசியில், மாதம் ஒருமுறை ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து மலைமேல் ரிங்லெட் ஊரைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்குக்கு என்னை அனுப்புவார்கள். ஹார்மோன் கோளாறும் பெண்கள் நோயும் பார்க்கிறவள் என்றால் அங்கே யாருக்கும் விளங்காது. ‘புள்ள டாக்டரம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தியை ஒருநாள் அவள் மாமியார் கூட்டிவந்தார்.

“மருமக முழுகாம இருக்கா டாக்டரம்மா. வருசத்துக்கு மேல ஆச்சு, வயிறுதான் தெரியல லா.”

வருஷத்துக்கு மேலா! யானைக்குட்டியா பெறப்போகிறாள் என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். புருவம் உதிர்ந்து, தோல் வெளுத்து, இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு தலைப்பிரசவம் லயத்திலேயே, தோட்டத்து வரிசைவீட்டில் நடந்ததாம். உதிரம் நிற்கவில்லை. தாப்பாவுக்கு இறங்கும் மலைரோட்டில் மண் சரிந்து லோரி இறங்க முடியவில்லை. குழந்தையும் தங்கவில்லை.

“பால் சுரந்துச்சாம்மா?”

“ஒரு சொட்டு வரல,” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அவ்வளவு உதிரம் போனால் மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணியளவு சுரப்பி செத்துப்போகும். உடம்புச் சூடும் தெம்பும் மாதவிலக்கும் அதோடு நின்றுவிடும். விலக்கு நின்றால் முழுகாமல் இருக்கிறாள். லயத்தில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஈப்போவுக்கு வரவழைத்து ரத்தம் சோதித்தேன். அதேதான். மாத்திரை கொடுத்தேன்.

“வயித்துல புள்ள இல்லம்மா. இந்த மாத்திரைய விட்டா உசுருக்கு ஆபத்து,” என்று இருவரிடமும் சொன்னேன்.

“இனிமேலாச்சும் பொறக்குமா?” என்றார் மாமியார்.

அதற்கு அன்று எங்களிடம் மருந்தில்லை என்றேன்.

“அப்ப மவனுக்கு வேற பொண்ணு பாக்க வேண்டியதுதான்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மருமகள் தலையைத் தூக்கவே இல்லை.

சில மாதங்களில் அவள் ஆளே மாறிவிட்டாள். முடி வளர்ந்தது. கூடையை மற்றவர்களுக்குச் சமமாக நிரப்பினாள். மாத்திரையால் விலக்கும் மாதாமாதம் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. லயத்திலோ வேறு பேச்சு: புள்ள டாக்டரம்மா மருந்து கொடுத்துக் கலைச்சிட்டாங்க! எனக்கு வந்த ஆத்திரத்தில் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரைத்தான் திட்டித் தீர்த்தேன். அவர் என்ன செய்வார், பாவம்.

அடுத்த இரண்டு முறையும் அவள் வரவில்லை. டிரெஸ்ஸர்தான் சொன்னார்.

“மாத்திரைய நிறுத்திட்டாங்க டாக்டர். விலக்கு நின்னதும், திரும்ப முழுகாம இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க. போன வாரம் ஒரு காய்ச்சல்தான் வந்துச்சு. ஒரே நாள்ல போயிட்டாங்க.”

சண்டை போடத்தான் லயத்துக்குப் போனேன். மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

“வேற பொண்ணு பாக்குறதக்கூட வேணாம்னு விட்டுட்டோமே டாக்டரம்மா. வளைகாப்புக்கு வாங்கி வச்ச வளையலப் போட்டுத்தான் அவள தூக்கினோம்.”