எங்கள் தெரு பெற்ற பிள்ளை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்று இன்னும் நிச்சயமாகத் தெரியாது. நேரில் சொல்லச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் சரிசெய்து படித்துக்கொள்ள வேண்டும்.

செம்பட்டியில் ரோட்டோரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். வீடு சித்தையன்கோட்டைக்குப் போகிற வழியில், ஒரே தெரு உள்ள சின்ன ஊரில். எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒன்றை எங்களிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். தத்து இல்லை. ஆதரவில்லாமல் இல்லத்தில் இருக்கிற பிள்ளை, பதினெட்டு வயது வரைக்கும் ஒரு குடும்பத்தில் வளரட்டும் என்று விடுவது. வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். காகிதத்தில் அவள் எங்கள் பொறுப்பில் இருக்கிற பிள்ளை. வீட்டில் அவள் எங்கள் மகள்.

வந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் யாரோ அவளை “ஹோம் புள்ள” என்று கேலி செய்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தவள் காரணத்தைச் சொல்லவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைதான் வந்து சொன்னது. என் மனைவி அன்றைக்கே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கு அழைக்கப் போவது போல வீடு வீடாகப் போனாள்.

“இனி யாரு கேட்டாலும் அவ என் வயித்துல பெறந்த புள்ளன்னுதான் சொல்லணும்” என்று ஒவ்வொரு வாசலிலும் தட்டை நீட்டினாள். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தது போல.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. குழாயடிச் சண்டையில்கூட யாரும் அதை இழுத்ததில்லை. யார் வீட்டு ஆடு யார் தோட்டத்தில் மேய்ந்தது என்பதை மத்தியானம் வரைக்கும் மறைக்கத் தெரியாத தெரு, இதை மட்டும் எப்படி இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நுண்ணுயிரியல் படிக்கப்போவதாகச் சொன்னாள். அது என்ன படிப்பு என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றியது என்றாள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “நீங்க ஓட்டையக் கண்டுபிடிக்க டியூபத் தண்ணியில முக்கிப் பாக்குறீகல்லப்பா, அது மாதிரி அதுக்கும் ஒரு வழி இருக்கு” என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. கடையில் டியூபை முக்கும்போதெல்லாம் கொஞ்ச நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். டயருக்கு ஒட்டுப் போட்டுக் கட்டிவிடக்கூடிய பணம் இல்லை அது. இல்லங்களிலும் எங்களைப் போன்ற குடும்பங்களிலும் வளர்ந்த பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுகிற ஓர் அறக்கட்டளை திண்டுக்கல்லில் இருப்பது அப்போதுதான் தெரிய வந்தது. மகளே போய் எழுதிக் கொடுத்தாள். இல்லத்துப் பிள்ளையின் காகிதத்தைக் காட்டித் தாங்கள் பெற்ற பிள்ளையைப் படிக்க வைக்கிற ஆட்களும் உண்டாம். அதனால் தெருவில் வந்து விசாரித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. முகம் தெரியாத பிள்ளைக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? அவர்களுக்கு அதில் என்ன? அறக்கட்டளையிலிருந்து யாராவது வந்தால் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். ஸ்கூட்டரில் ஒரு மேடம் வந்து எங்கள் தெரு முனை டீக்கடையில் இறங்கினார். தோளில் பை, சின்ன வயது, கண்ணாடி. டீக்கடைக்காரரிடம் என் மகள் படத்தைக் காட்டி, இந்தப் பெண்ணைத் தெரியுமா, எப்படிப்பட்ட பெண் என்று கேட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு நான் போவதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டிருந்தது.

பதினெட்டு வயதுப் பெண்ணைப் பற்றி வெளியாள் வந்து விசாரித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“தங்கமான புள்ள” என்று டீக்கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். “கொழம்பு, வெஞ்சனமெல்லாம் நல்லா வைக்கும். உப்பு மட்டும் செத்த தூக்கலாப் போடும். நாளப்பின்ன நீங்க என்னையக் கொற சொல்லக் கூடாதுல்ல, அதான் இப்பவே சொல்லிப்புட்டேன்.”

“அவங்க சொந்த மகளா?”

“பின்ன, சந்தையில வாங்கியாந்ததா? அத விடுங்க. மாப்ள என்ன வேல பாக்குறாரு?”

“எந்த மாப்பிள்ளை?”

“சரி சரி, வெளிய சொல்ல மாட்டீக. புரியுது.” என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மேடம் அடுத்து எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே தையல் மிஷின் வைத்திருக்கிற அக்கா இருக்கிறார். முஸ்லிம் குடும்பம். கணவர் திண்டுக்கல்லில் தோல் வியாபாரத்தில் இருக்கிறார். தெருவில் பாதிப்பேரின் துணி அந்த அக்கா தைத்ததுதான். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

“பெத்த புள்ளையாவா?” அக்கா மிஷினை நிறுத்தினார். “ஏம்மா, நாந்தான பக்கத்துல இருந்தேன். அன்னைக்கின்னு பாத்து அம்புட்டு மழ. ஆட்டோ கெடைக்கல. இந்தா நிக்குதே, இந்தத் தம்பிதான் பொண்டாட்டிய டிவிஎஸ்ல ஒக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சு. நான் பின்னால ஒக்காந்து கொட பிடிச்சேன்.”

“மூணு பேருமா ஒரே வண்டியில?”

“அவசரத்துக்கு என்னம்மா செய்யிறது? பெறக்கும்போதே தல நெறைய முடி. நர்ஸே அசந்துபோச்சு.”

உண்மையைச் சொன்னால், நான் அதைத் தடுக்க வேண்டும் என்பதையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடக்காத ஒரு பிரசவத்துக்கு நான் வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன். வழியில் வண்டி நின்றதா? குடை காற்றில் மடங்கியதா? அக்கா இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா என்று இருந்தது. அப்போது மேடம் திரும்பி, “அப்படியா சார்?” என்று கேட்டார். தெரியாதவர்கள் நேராகக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலையைச் சொறிந்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு வீடு. அங்கேயும் அதே வாக்கு. மேடம் பையை மூடினார். முகம் மாறியிருந்தது.

“எங்களுக்கு வந்த விண்ணப்பத்துல இருக்கிற பொண்ணு எட்டு வயசு வரைக்கும் இல்லத்துல இருந்திருக்கு. உங்க பொண்ணு இங்கேயே பொறந்ததுன்னு ஊரே சொல்லுது. அப்ப அந்தப் பொண்ணு எங்க சார்?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

அக்கா வாசலுக்கு வந்து, “எப்புடி? வரன் அமஞ்ச மாதிரிதான்” என்று சிரித்தார். வந்தது யார் என்பதை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“யா அல்லா! அதச் சொல்ல ஒனக்கு வாய் இல்லையா தம்பி? கெழங்கு மாதிரி நின்னியே!”

“இப்ப மாத்திச் சொல்லுவீகளாக்கா?”

“வெத்தல வாங்குன கை இது. ஒம் பொண்டாட்டி வந்து விடுன்னு சொல்லட்டும். அப்பறம் சொல்றேன்.”

என் மனைவி விடுவதாக இல்லை. “படிப்பு போனாப் போகுது. எம் புள்ளைய ஊரு வாயில போட மாட்டேன்” என்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. செம்பட்டிக்குப் போயிருந்த மகள் வந்து, நடந்ததைக் கேட்டாள். பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

“ஊருக்கெல்லாம் வெத்தல வச்சயேம்மா. எங்கிட்ட வச்சுக் கேட்டியா?”

என் மனைவி பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“ஹோமுல இருந்தது எனக்கு வெக்கமில்ல. அதப் பேசுனா ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நான் வாயத் தெறக்கல.”

இத்தனை வருடம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நடுவில் நான் சோறு தின்றுகொண்டு இருந்திருக்கிறேன்.

மறுநாள் மகள் போன் செய்து மேடத்தை மறுபடி வரச் சொன்னாள். தெருவில் அவளே கூட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் இங்கே வந்த நாளைப் பற்றி மேடம் கேட்டார். அதில் ஏதாவது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க ஆசை மட்டும் உண்டு. மகள் என்னைக் காட்டிச் சொன்னாள்:

“இவுகதான் பஸ் ஸ்டாண்டுல இருந்து வண்டியில கூட்டியாந்தாக. சட்டையெல்லாம் பஞ்சர் ஒட்டுற சொலூஷன் வாசம். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. ரெண்டு நாளைக்கு இவுக ஊமைன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன். கையாலயே சாப்பாடு கேட்டேன்.”

அவள் எனக்குக் கை ஜாடை காட்டியது ஞாபகம் இருக்கிறது. பிள்ளை கூச்சப்படுகிறது என்று நானும் கை ஜாடையிலேயே பதில் சொன்னேன். மேடம் சிரித்துவிட்டார்.

டீக்கடைக்காரருக்குத்தான் ஏமாற்றம். “அப்ப மாப்ளயே இல்லையா?” என்றார்.

தையல் அக்கா எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். என் மனைவி அங்கே நின்றிருந்தாள். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. “சொல்லுங்க பெரியம்மா” என்றாள் மகள்.

“வந்த புள்ளதாம்மா” என்றார் அக்கா. “வரும்போது காதுல தோடு இல்ல, வேப்பங்குச்சிதான் கெடந்துச்சு. மொதப் பாவாட நாந்தான் தச்சேன். துணிய வெட்டாம உள்ள மூணு மடிப்பு வச்சு அடிச்சேன். வளர வளரப் பிரிச்சு விடலாம்ல. தச்சுக் குடுத்துட்டு ராத்திரியெல்லாம் நெனச்சேன், மடிப்பப் பிரிக்கிற வரைக்கும் இந்தப் புள்ள இங்க இருக்குமா, கூட்டிக்கிட்டுப் போயிருவாகளான்னு.”

“பிரிச்சீங்களா?”

“மூணையும் பிரிச்சேன். அப்பறம் பத்தல, கீழ வேற துணி ஒட்டுப் போட்டேன்.”

மேடம் குனிந்து எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, எனக்கே ஆச்சரியமாக, நான் வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்: “இதுக்கெல்லாம் யாரும்மா பணம் குடுக்குறாக?”

“பல பேர் சார். அதுல சில பேர் இல்லத்துல வளந்து, இதே மாதிரி படிச்சு, இப்ப வேலையில இருக்கிறவங்க. அவங்க காசுலதான் நானும் படிச்சேன்.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

மாதக் கடைசிக்கு முன்பே கட்டணம் கட்டியாகிவிட்டது. மகள் இப்போது செம்பட்டியில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்வருகிறாள். பெயர் வாயில் நுழையாத பூச்சிகளைப் பற்றிச் சொல்கிறாள்.

தெருவுக்கு வாக்கு விட்டுப்போனதும் இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த கேள்வியெல்லாம் வெளியே வரத் தொடங்கியது. ஹோமில் காலையில் என்ன கொடுப்பார்கள், அடிப்பார்களா, தீபாவளிக்குத் துணி உண்டா என்று தெருப் பெண்கள் அவளை உட்கார வைத்துக் கேட்கிறார்கள். அவளும் சலிக்காமல் சொல்கிறாள். அந்த நேரம் என் மனைவி உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தையல் அக்கா கேட்டார்: “ஒன்னையப் பெத்தவ மொகம் ஞாபகம் இருக்கா கண்ணு?”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நான் வண்டிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினேன்.

“மொகம் இல்ல பெரியம்மா. மூக்குத்தி மட்டும் ஞாபகம் இருக்கு. செவப்புக் கல்லு.”

பிறகு என் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எந்தப் பக்கம் குத்தியிருந்தா?” என்று கேட்டாள்.

2025, ஆவணி 3, செவ்வாய்க்கிழமை.