சீதா அக்காவின் மூக்கு

தண்ணீரை முகர்ந்து பார்ப்பது ஒரு வேலையா என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். இப்போது யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருகிறது.

என் பெயர் குரு. மலேசியாவில் மேரு, கிள்ளான் பக்கம் பாதி வீடுகளுக்கு ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்பும் பிளாண்டில் டிரைவர். ஆற்றோரம் நாலு இடத்தில் தண்ணீர் பிடித்துப் போத்தலில் அடைத்து லேபில் சேர்ப்பது என் வேலை. லேபில் அதைக் குடுவையில் ஊற்றிச் சுடவைத்து, மூடியைத் திறந்து முகர்வார்கள். வாசம் இருந்தால் எவ்வளவு, என்ன வாசம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மெஷினும் இருக்கிறது. ஆனால் ஷா ஆலம் ஹெட் ஆபிஸுக்கு அனுப்பி மெஷின் பதில் சொல்ல மத்தியானம் ஆகிவிடும். மூக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

எங்கள் பிளாண்டின் மூக்கு சீதாலெட்சுமி அக்கா. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் தரை துடைக்க வந்தவர். ஒரு நாள் லேபைத் துடைத்துக்கொண்டே, "தண்ணியில டீசல் வாசம் வருது" என்றாராம். படித்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் மெஷினும் டீசல் என்றது. ஆற்றின் மேல்பக்கம் ஒரு லோரி கவிழ்ந்து கிடந்தது. அதன் பிறகு துடைப்பத்தை வாங்கிக்கொண்டு குடுவையைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா வேலைநாளில் பூ வைக்கமாட்டார், பவுடர் போடமாட்டார், மிளகாய்ச் சம்பல் தொடமாட்டார். என்னைக் கண்டால் மட்டும் மூக்கைச் சுளிப்பார். "மென்தால் சிகரெட், அரை மணி நேரம் முன்னாடி. குரு, நீ திருந்தவே மாட்ட லா" என்பார். சரியாக அரை மணி நேரமாகத்தான் இருக்கும். புருஷன் இறந்து, ஒரே மகளைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். யாரிடமும் தலைகுனிந்து நின்று பழக்கமில்லை. மேனேஜர் ஜெயராஜே எதற்கும், "சீதா சொல்லட்டும்" என்றுதான் இருப்பார்.

ஜனவரியில் அக்காவுக்குக் கோவிட் வந்தது. பத்து நாள் மெடிக்கல் லீவு எடுத்துவிட்டு வந்தார். இளைத்திருந்தார், வேறொன்றும் தெரியவில்லை. எனக்கு உண்மை தெரிந்தது ஜூலையில், அதுவும் என் திருட்டுத்தனத்தால்.

நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழத்தின் சீசன். ரவாங் ரோட்டில் நாலு பழம் வாங்கி, சாக்கில் சுற்றிப் பின்சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். ஆபிஸ் வண்டியில் டுரியான் ஏற்றக்கூடாது. வழியில் அக்காவை ஏற்றிக்கொள்ளும்படி போன் வந்துவிட்டது. அக்காவுக்கு டுரியான் என்றால் ஆகவே ஆகாது. ஒரு மைலுக்கு அப்பால் இருந்தாலும் திட்டுவார். இன்று தொலைந்தேன் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஏறினார். பெல்ட் போட்டார். பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தார். "கண்ணாடிய ஏத்து குரு, புழுங்குது. ஏர்கோன் போடு" என்றார்.

எனக்குப் பழத்தின் நாற்றத்தில் கண்ணே கரித்தது. அவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, வண்டியில ஒண்ணும் வாசம் அடிக்கலையா?"

முறுக்கு பாதியில் நின்றது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். சாக்கு தெரிந்தது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

"எப்பலேருந்து?" என்றேன்.

"ஜனவரிலேருந்து. வந்துரும் வந்துரும்னு இருக்கேன், வரமாட்டேங்குது." மிச்ச முறுக்கைப் பைக்குள் போட்டார். "விஷ்ணுப்ரியா இருக்காளே. அவ மொதல்ல மோந்து பாப்பா, நான் அவ மூஞ்சிய பாத்துக்குவேன். அவ நல்லா மோப்பா. சொல்லிறாத குரு. மூக்கு இல்லன்னா அங்க நான் யாரு?"

விஷ்ணுப்ரியா லேபில் இருந்த இளம் கெமிஸ்ட். விதிப்படி மூன்று பேர் முகரவேண்டும். மூன்றாவது ஆள் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆக மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூக்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விஷ்ணுப்ரியா லீவு போட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. "நான் ஏன்க்கா சொல்லப்போறேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு ஏர்கோனைக் கூட்டினேன். நல்லவன் என்று பேர் வாங்குவதில் எனக்கு அத்தனை ஆசை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. விடிய விடிய மழை. விஷ்ணுப்ரியா ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக ஈப்போ போயிருந்தாள். காலை ஏழு மணிக்கு, பிளாண்டுக்குள் தண்ணீர் நுழையும் ஆற்று மதகுப் பக்கம் போத்தலோடு இறங்கினேன். மேலே இருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. தின்னர். பெயிண்ட் கடைக்குள் நுழைந்தது மாதிரி. யாராவது கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. காற்று திரும்பியதும் வாசமும் போய்விட்டது. குனிந்து தண்ணீருக்கு மேல் முகர்ந்தேன். மெல்லியதாக, மறுபடியும் தின்னர்.

எங்கள் பிளாண்டில் மதகு தாண்டிய தண்ணீர், வீடுகளுக்குப் போகும் தெளிநீர்த் தொட்டிக்கு வந்துசேர நாலு மணி நேரம் ஆகும். தின்னர் எப்போது உள்ளே நுழைந்ததோ தெரியாது. ஐந்து மணிக்கு என்றால் ஒன்பதுக்குத் தொட்டியில் இருக்கும். பத்துக்குக் கிள்ளானில் யார் வீட்டுக் குழாயிலோ, யார் பிள்ளையின் பால் போத்தலிலோ இருக்கும். வண்டியை எப்படி ஓட்டினேன் என்றே நினைவில்லை.

லேபில் ஜெயராஜ் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தார். காவலாளி ஏதோ வாசம் என்று சொல்லியிருக்கிறான். அக்கா மேசைக்குப் பின்னால். மேசைமேல் ஆறு மணிக்கு முகர்ந்ததற்கான தாள். வாசம்: பூஜ்யம். கீழே ஒரே ஒரு கையெழுத்து.

ஜெயராஜ் கெட்டவர் இல்லை, பயந்தவர். இரண்டு வாரம் முன்னால் இதேபோல் ஒரு வாசம் என்று மதகை மூடினார். கடைசியில் அது வெறும் பாசி. தண்ணீர் இல்லாமல் லட்சம் வீட்டுக்காரர்கள் திட்டியதையும், மேலிடம் வறுத்தெடுத்ததையும் அவர் மறக்கவில்லை.

"எனக்கு ஏதோ வாசம் வர மாதிரி இருக்கு, என்னன்னு புடிபடல" என்றவர், மதகுத் தண்ணீரைச் சுடவைத்த குடுவையை அக்காவிடம் நீட்டினார். "மழைத் தண்ணி மண் வாசம்னா கார்பன் தூள் போட்டு ஓட்டிரலாம். வேற ஏதும்னா மூடணும். நீங்க சொல்லுங்க சீதா."

அக்கா குடுவையை வாங்கி மூடியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண் மட்டும் மேலே எழுந்து என் முகத்துக்கு வந்தது. நான் முகத்தை முடிந்தவரை சுளித்தேன். அவருக்குப் புரிந்தது.

"இருக்கு சார்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

"என்ன வாசம்?"

மறுபடியும் என்னைப் பார்த்தார். தின்னர் என்று முகத்தால் எப்படிச் சொல்வது? உதட்டை அசைக்கப்போனேன். ஜெயராஜ் சட்டென்று என் பக்கம் திரும்பினார். வாயை மூடிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

"மண் வாசம் சார். மழை பெய்யுதுல்ல."

"அதான் நானும் நெனச்சேன்." ஜெயராஜின் தோள் இறங்கிவிட்டது. போனை எடுத்துக் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிடப்போனார்.

"பாஸ், அது மண்ணு இல்ல. தின்னர்" என்றேன்.

"குரு, நீ போயி வண்டிய பாரு."

"மதகுல நின்னு மோந்துட்டு வரேன் பாஸ். பெயிண்ட் கடை மாதிரி அடிக்குது."

"சிகரெட் ஊதுற மூக்கு நீ. இருபத்திரண்டு வருஷ மூக்கு மண்ணுன்னு சொல்லுது. ஒன் பேச்ச கேட்டு மூடிட்டு மேல என்ன பதில் சொல்றது?"

என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவருக்கு மோப்பமே கிடையாது பாஸ், பதினோரு மாதமாகக் கிடையாது. இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லவில்லை. கொடுத்த வாக்கு என்று பெரிதாக நினைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. ஜெயராஜ் போனில், "கார்பன் ரெடி பண்ணு, மண் வாசம்தான்" என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா குடுவையை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைக்கத் துணியைத் தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டார்.

"சார், போன வைக்காதீங்க. மூடச் சொல்லுங்க."

"என்ன?"

"குரு சொல்றதுதான் சரியா இருக்கும். எனக்கு ஒரு வாசமும் தெரியாது சார். கோவிட் வந்ததுலேருந்து தெரியல. ஆறு மணிக்கு எழுதுனதும் சும்மா எழுதுனதுதான். இப்ப மண்ணுன்னதும் சும்மாதான்."

போனில் அந்தப்பக்கம் ஹலோ ஹலோ என்றார்கள். ஜெயராஜ் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "மதகை மூடு. இப்பவே. எல்லாத்தையும் நிறுத்து" என்றார். அப்போது ஏழு இருபத்தெட்டு.

மத்தியானம் மெஷின் சொன்னது: தின்னர் வகைக் கரைப்பான். மேல்பக்கம் ஏதோ ஒரு பட்டறைக்காரன் மழையை நம்பி டிரம் டிரம்மாகச் சாக்கடையில் கொட்டியிருக்கிறான், பாவி. வடிகட்டும் தொட்டிகள் வரை வந்துவிட்டது. தெளிநீர்த் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. மூன்று நாள் மேரு, கிள்ளான் முழுக்கத் தண்ணீர் கட். லோரிக்குப் பின்னால் வாளியோடு வரிசையில் நின்றவர்கள், மூடினவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். அந்த வரிசையில் சீதா அக்காவும் இரண்டு வாளியோடு நின்றார்.

அடுத்த வாரம் ஷா ஆலமில் விசாரணை. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "உங்களுக்கு மோப்பம் இல்லை என்பது வேறு யாருக்காவது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. "யாருக்கும் தெரியாது சார்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு என்று அந்த நேரத்தில் என்னென்னவோ மண்டையில் ஓடியது.

"தெரியாது சார்" என்றேன்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன். என்னைப் போல ஒரு கோழையை நானே வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு மாதம் கழித்து மேருவில் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். பேரன் செப்டம்பரில் பிறந்தவன், கொழுகொழுவென்று தொட்டிலில் தூங்கினான். அக்கா என்னை உட்காரச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். வரிசையாகத் தேதிகள்.

"விஷ்ணுப்ரியா இல்லாம நான் மட்டும் மோந்த நாளு. லேப் ரிப்போர்ட்ட கேட்டு வாங்கி எழுதுனேன். பத்தொம்பது நாளு. இதுல பல நாளு மக வயித்துல புள்ளையோட இந்த வீட்டுத் தண்ணியத்தான் குடிச்சா. ஷா ஆலம் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லதான். ஆனா நாம சந்தேகப்பட்டு அனுப்பலன்னா அவங்க மாசத்துக்கு ரெண்டு தடவதான பாப்பாங்க. நீ தெனமும் ஆத்தங்கரைக்குப் போன. இதுல என்னைக்காச்சும் ஒனக்கு வாசம் வந்துச்சா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஜூலைக்குப் பிறகு ஏழு தேதிகள். எனக்குத் தெரிந்த பிறகு, நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஏழு நாள்.

"இந்த ஏழு என்னோடதுக்கா" என்றேன். "ஷா ஆலம்ல நான் சொல்லியிருக்கணும். நாளைக்கே போயி சொல்றேன்."

"ஒன்னோடதும் என்னோடதும் எனக்கு எதுக்கு குரு? போயி சொல்லு, சொல்லாம இரு, அது ஒன் இஷ்டம். வாசம் வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஆற்றில் இறங்கினேன், போத்தலை நிரப்பினேன், மூடினேன், ஏறினேன். முகர்ந்து பார்ப்பது என் வேலை இல்லை என்று இருந்திருக்கிறேன். உள்ளே மகள் பால் போத்தலைக் கழுவக் குழாயைத் திறந்தாள். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலக்கா" என்றேன்.