டுரியான் துங்காலில் நான் கொடுத்த புகார்

போன சனிக்கிழமை டுரியான் துங்கால் பக்கம் நடந்த டிராக் ரேஸுக்கு மச்சான் குமாருக்குத் துணையாகப் போனேன். சிரம்பானில் காலை 6.30க்குக் கிளம்பி, டோல் இல்லாத தம்பின் சாலையில் 80 கிலோமீட்டர். எட்டு மணிக்குச் சேர்ந்தோம். நுழைவு 15 ரிங்கிட், பார்க்கிங் 5.

குமார் ஓடுவது பெட்டி இல்லாத பிரிவில். டயர் வழுக்கினால் தானாகவே என்ஜினை அடக்கும் மின்னணுப் பெட்டிக்கு அங்கே தடை. பெட்டி வைத்து ஓட்டுவதெல்லாம் ஓட்டலா என்று இந்த வலைப்பூவில் பக்கம் பக்கமாகத் திட்டியவன் நான். என் வாய் அப்படி.

ரொட்டி சானாய் சாப்பிடும்போது பெம்பான் ஊர்க்காரர் பிரான்சிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுபவர். நான்கு வருஷமாக இதே பிரிவில் ஓடியும் இறுதிச் சுற்றைப் பார்த்ததில்லை.

"இதான் கடைசிண்ணே. கார வித்தாச்சி, நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. ஒரு பைனலாவது ஓடிப் பாத்துரணும்லா," என்றார்.

அரையிறுதி 11.40க்கு. குமாரைத் தோற்கடித்தது பிரான்சிஸ்தான். பாதித் தடத்தில் அவருடைய என்ஜின் மூன்று முறை விக்கியதைக் கேட்டேன். பெட்டி வேலை செய்தால் அப்படித்தான் விக்கும். நேரே நடுவர் மேசைக்குப் போய்ப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாஷ்போர்டைப் பிரித்தார்கள், சீட்டைக் கழற்றினார்கள், வயர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"அப்ப அந்தச் சத்தம்?" என்றேன்.

"என் காலுதாண்ணே. மழ பேஞ்ச செம்மண்ணு ரோட்டுல பழம் ஏத்திட்டு வர்றப்ப இப்புடி விட்டு விட்டு மிதிக்கலன்னா லோரி ரோட்டோர லோங்காங்கு பள்ளத்துல எறங்கிரும்லா."

இறுதிச் சுற்று ஒரு மணிக்கு. நானும் குமாரும் ஓடிப்போய் வயர்களை மாட்ட உதவினோம். நேரத்துக்குள் முடியவில்லை. எதிராளி தனியாக ஓடிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க அவர் பின்னாலேயே பெம்பானுக்குப் போனேன். அரை மணி நேரப் பயணம். காப்பி கொடுத்தார்.

"கோவம் இல்லண்ணே. பொட்டி இல்லன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சி. ஓடிருந்தா ஜெயிச்சிருப்பனான்னுதான் தெரியாமயே போச்சி," என்றார்.

பெட்டிக்கு எதிராக நான் எழுதியதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் காலால் ஓட்டுங்கள் என்று கத்திய நான், காலால் ஓட்டிய மனிதரைக் கண்ணெதிரே பார்த்தும் நம்பவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், நிழல் கிடையாது. பத்து மணிக்குள் போனால் கார்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சத்தத்தில் சந்தேகம் வந்தால் முதலில் ஓட்டியவரிடமே கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.