கதவைத் தட்டாதீர்கள் என்றவர்

செலின் இறந்துபோன சேதி எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது. காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ படியேறி வந்து நின்றார்கள். காலிங் பெல் அடிக்கவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. "அண்ணா, நான் டேவிட்" என்று மட்டும் குரல் வந்தது. டேவிட், செலினின் தம்பி. அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. என் மனைவிதான் போய்க் கதவைத் திறந்தாள். பெயரைச் சொன்ன ஆள் எதற்கு வந்தேன் என்று சொல்லாமல் நின்றால் என்ன அர்த்தம் என்று செலினோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்குப் போகப் போகச் சொல்கிறேன்.

செலினும் நானும் வேலூரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பிறகு அவர் சென்னைக்குப் போய்ப் பெரிய ஹோட்டல்களில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர், சொந்தமாக ஒரு தொழில் தொடங்கினார். ஹோட்டல் கட்ட நினைக்கிறவர்களுக்காக முன்கூட்டியே ஊரை ஆராய்ந்து சொல்வது அவருடைய வேலை. இந்த ஊர்க்காரர்கள் விருந்தாளியை எப்படி நடத்துகிறார்கள், இப்போது வருகிற விருந்தாளி எதை எதிர்பார்க்கிறார், இரண்டையும் அவர் கண்டு சொன்ன பிறகுதான் ஆர்க்கிடெக்டான நான் கோடு போடுவேன். நான் பயந்த சுபாவம். போன் அடித்தால் துள்ளி விழுவேன். "உன்ன மாதிரி ஒரு ஆளு பக்கத்துல இருந்தா எனக்கு நல்லது சேகரு. எது பயமுறுத்தும்னு தனியா ஆராய்ச்சி பண்ண வேணாம்" என்று கேலி செய்வார்.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்கிற குடும்பத்தைச் சேர்ந்த இம்தியாஸ் பாய் எங்களைக் கூப்பிட்டார். வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற வழியில் அவர்களுக்குப் பழைய தோல் குடோன் ஒன்று இருந்தது. அதைச் சின்னதாக, அழகான ஒரு பூட்டிக் ஹோட்டலாக மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வருகிறவர்கள் தங்குவார்கள். வேலூருக்கு வைத்தியத்துக்காக வடக்கிலிருந்து வருகிற குடும்பங்களும் தங்குவார்கள். குடோனுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது மக்கிய தோல் நாற்றம் மூக்கில் ஏறியது, எனக்குத் தலை சுற்றியது. செலின் ஒரு மூலையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நாத்தம் போய்டும். ஆனா இங்க வந்து படுக்கறவன் மனசுல இன்னா இருக்கும்னு தெரியாம ஒரு செங்கல்லு வைக்கக் கூடாது" என்றார்.

அவர் ஆராய்ச்சி செய்த அழகைக் கூட வேலை செய்தவர்கள் பார்த்திருக்கிறீர்கள். கண்ட இடத்தில் சாப்பிடுவார், கண்டவர்களோடு பேசுவார். பெங்களூரிலும் சென்னையிலும் புதிதாகத் திறந்த சின்ன ஹோட்டல்களில் எல்லாம் போய்த் தங்கிவிட்டு வந்தார். கண்ணாடிச் சுவர் வைத்த குளியலறை, படம் எடுக்க ஊஞ்சல், இருட்டான வராந்தா என்று என்னென்ன நாகரிகம் வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். "எல்லாம் ஷோக்கா தான் கீது. ஊஞ்சல்ல படம் எடுத்துட்டு அப்புறம் அவன் நிம்மதியா தூங்கணுமா வேணாமா?" என்று கேட்டார்.

அப்படிப்பட்டவரும் ஒரு தப்பு செய்தார். ஆம்பூரில் பழைய தோல் வியாபாரிகளின் வீடுகளைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொண்டு போனபோது, கதவுகளில் இருந்த கனமான பித்தளை வளையங்கள் அவரை மயக்கிவிட்டன. "அறைக் கதவெல்லாம் இதை வைக்கலாம் சேகரு. காலிங் பெல்லுக்குப் பதிலா வளையத்தால தட்டினா ஊரோட வாசனை இருக்கும்" என்றார். நானும் வரைந்தேன். மற்ற அறைகளைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு அறையை முழுக்க முடித்து, நிஜமான ஆட்களை அதில் இலவசமாகத் தங்கவைத்துப் பார்க்க வேண்டும் என்பது செலினின் பிடிவாதம். முதலில் வந்தவர்கள் கொல்கத்தாவைச் சேர்ந்த வயதான தம்பதி. அவர்கள் மகனுக்கு அன்று காலை ஆபரேஷன். கணவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அந்த அம்மா மட்டும் அறையில் இருந்தார்.

குமார் என்கிற பணியாளர் டீ எடுத்துக்கொண்டு போய், பித்தளை வளையத்தைத் தூக்கி இரண்டு முறை போட்டார். அந்தச் சத்தம் வராந்தா முழுக்க அதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. கதவு திறந்தபோது அந்த அம்மா பேயறைந்தது போல நின்றார். அடுத்த நிமிடம் கால் மடங்கித் தரையில் சரிந்தார். மகனுக்கு என்ன ஆயிற்று, மகனுக்கு என்ன ஆயிற்று என்று இந்தியில் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உயிர் அங்கேயே போய்விடும் என்று நினைத்தேன். செலின் ஓடி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சிர்ஃப் சாய், மா. சிர்ஃப் சாய்" என்றார். வெறும் டீதான் அம்மா, வெறும் டீதான். அதை எத்தனை தரம் சொன்னாரோ தெரியாது. அந்த அம்மாவுக்கு மூச்சு சீராகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மகனின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மத்தியானம் தெரிந்தது.

அன்றிலிருந்து செலின் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களில் நாள் கணக்காக அலைந்தார். என்ன சாப்பிடுவீர்கள், எந்த மாதிரி கட்டில் பிடிக்கும் என்றெல்லாம் கேட்பதை விட்டார். "இங்க வந்து உங்களுக்கு எது பயம்?" என்று மட்டும் கேட்டார். கூடப் போன எனக்கு அந்தப் பதில்களைக் கேட்கவே பயமாக இருந்தது. தெரியாத நம்பரிலிருந்து வருகிற போன், வராந்தாவில் ஓடி வருகிற காலடி என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கதவு தட்டுகிற சத்தத்தை மட்டும் எல்லோருமே சொன்னார்கள். துணி கொடுக்க வந்தாலும், தண்ணீர் கேன் வந்தாலும், தட்டுகிற அந்த ஒரு நொடியில் செத்துப் பிழைப்பதாகச் சொன்னார்கள்.

இதற்கு வழி ஆம்பூரிலேயே இருந்தது. இம்தியாஸ் பாயின் மாமி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பிரியாணியும் கத்திரிக்காயும் பரிமாறிக்கொண்டிருந்தபோது தெருவாசலில் ஒரு குரல் கேட்டது. "அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஷபீர். தயிர் கொண்டாந்திருக்கேன்." கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த ஆள் வாசலுக்கு நேராக நிற்காமல், சுவரோரமாக ஒதுங்கித் தெருவைப் பார்த்து நின்றார். உள்ளேயிருந்து பதில் போன பிறகுதான் படியேறினார். செலின் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்: "ஏன் மாமி ஒதுங்கி நின்னாரு?"

"வூட்ல பொம்பளைங்க எப்பிடி இருக்காங்களோ இன்னாவோ. நேரா நின்னா கண்ணு உள்ள போய்டும் இல்ல? பேரைச் சொல்லி, எதுக்கு வந்தேன்னு சொல்லி, வரலாம்னு பதில் வந்தாதான் வரணும். எங்க மார்க்கத்துல அப்பிடித்தான்."

"அப்ப கதவுல இருக்கற இந்த வளையம்?"

மாமி சிரித்துவிட்டார். "அதுவா? வெளிய போவ சொல்லோ கதவை இழுத்துச் சாத்தறதுக்கு."

செலின் தலையில் அடித்துக்கொண்டார். கதவை மூடுவதற்கு வைத்திருந்ததை எடுத்து, விருந்தாளியின் நெஞ்சில் அடிக்கிற மாதிரி மாட்டிவிட்டோம். வளையத்தைப் பார்த்தோம், அதைப் பிடிக்காமலே உள்ளே வருகிற மனிதர்களைப் பார்க்கவில்லை என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். மறுநாளே அந்த அறையின் வளையத்தைக் கழற்றி, மற்ற அறைகளுக்கு வரைந்திருந்ததையும் அழித்தோம். பணியாளர்களை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். "கதவைத் தட்டாதீங்க. ஓரமா நில்லுங்க. பேரைச் சொல்லுங்க. கையில இன்னா கொண்டாந்திருக்கீங்கன்னு சொல்லுங்க. குரல் கேட்டு அவங்க மூச்சு விடட்டும், அப்புறம் உள்ள போங்க." குமார்தான் கேட்டார்: "மேடம், நெஜமாவே கெட்ட சேதி இருந்தா?" செலின் அவர் பக்கத்தில் போய் நின்றார். பிறகு சொன்னார்: "அப்ப பேரை மட்டும் சொல்லு. சேதியக் கதவுக்கு வெளியிலேர்ந்து சொல்லாத. உள்ள போய், பக்கத்துல உட்காந்து சொல்லு."

அவர் வீட்டிலும் அதையே பழக்கிவிட்டார் போலிருக்கிறது. டேவிட் அப்படித்தான் வந்து நின்றார்.

என்னிடமும் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எனக்குப் போன் செய்தால் ஹலோவுக்குப் பதில் "சிர்ஃப் சாய்" என்பார். பயப்படாதே, சும்மாதான் கூப்பிட்டேன் என்று அர்த்தம். போன வருடம் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. அந்த இரண்டு வார்த்தை இல்லை. "சேகரு, டாக்டர்கிட்ட போய்ட்டு வர்றேன்" என்று ஆரம்பித்தார். விவரத்தை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு ரொம்ப பயமா கீதுபா" என்றார். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். "அதுக்குத்தான் உன்கிட்ட சொல்றேன். தைரியமான ஆளுங்ககிட்ட சொன்னா உடனே தைரியம் சொல்ல வந்துடுவாங்க, பேஜாரு" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் திரைக்கு வெளியே நின்று, "செலின், நான் சேகர். சாத்துக்குடி கொண்டாந்திருக்கேன்" என்பேன். "சாத்துக்குடி மட்டும்தானே? அப்ப வா" என்று பதில் வரும். கடைசியாகப் போனபோது பதில் வரத் தாமதமாயிற்று. உள்ளே போனால், கண்ணைத் திறந்து படுத்திருந்தார். வெளியே தள்ளுவண்டி உருளுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் என் விரலை இறுக்கிப் பிடித்தார். வண்டி தாண்டிப் போனதும் விட்டார். இத்தனை பேருடைய பயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவருக்குத் தன் பயத்தைக் குறைத்துக்கொள்ள வழி கிடைக்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இப்போது எழுதும்போதும் அந்த விரல் பிடி தெரிகிறது.

அடக்கம் முடிந்த சில நாட்களில் இம்தியாஸ் பாயின் போன் வந்தது. திறப்பு விழா நெருங்கிவிட்டது. பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்திருந்தார். வராந்தாவில் நின்று ஆள் குரல் கொடுப்பது சந்தைக்கடை மாதிரி இருக்கிறது, எல்லா அறைக்கும் விளக்கு எரிந்து மணி அடிக்கிற பெல் வைத்துவிடலாம் என்று அவர் சொன்னாராம். "மேடம் இருந்தவரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல. இப்ப வெச்சிடலாம் சேகர் சார். ஜாஸ்தி வேலை இல்ல, நாளைக்கே வயர் இழுக்க ஆளு வரும்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் கட்டப் போகிற அடுத்த கட்டடங்களும் என் கைக்கு வருவதாகப் பேச்சு. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கொல்கத்தா அம்மா தரையில் சரிந்து கிடக்கிறார்.

மறுநாள் காலையில் ஆம்பூருக்குக் கிளம்பினேன். பேருந்து பள்ளிகொண்டா தாண்டியது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு மூன்று இடத்தில் நினைத்தேன். தொழிற்சாலைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கை தானாகவே போயிற்று. இறக்கிக்கொண்டேன். சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். குரல் வருமா என்றே சந்தேகமாக இருந்தது.

"இம்தியாஸ் பாய், நான் சேகர். பெல் வைக்க மாட்டேன்னு சொல்ல வந்திருக்கேன்."

மெஷின்கள் ஓடுவது கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நாற்காலி நகர்ந்தது. அவரே வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், எனக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது போல அந்தப் பக்கம் பார்த்தார். "மேடம் சொல்ற மாதிரியே இருந்துச்சு" என்றார். பிறகு, "உள்ள வாங்க சார். வயர்காரன வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். டீ வரவழைத்தார். கொண்டுவந்தவர் வெளியே நின்று, "பாய், டீ" என்றார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

செலினைத் தெரிந்த நீங்கள் அந்த வழியாகப் போனால் அந்த ஹோட்டலுக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். அறைக் கதவுகளில் வளையமும் இல்லை, பெல்லும் இல்லை. என்னிடம் அவருடையது என்று மிச்சம் இருப்பது இரண்டே வார்த்தை. என் பயம் போகவில்லை, இன்றைக்கும் போன் அடித்தால் துள்ளித்தான் விழுகிறேன். போனின் அந்தப் பக்கம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல இனி ஆள் இல்லை. ஆனால் டேவிட்டும் இப்போது என்னைப் போல ஆகிவிட்டார், என் நம்பரைப் பார்த்தாலே பயம் என்று அவரே சொன்னார். அதனால் அவரைக் கூப்பிடும்போது நானே முந்திக்கொண்டு, "டேவிட், சிர்ஃப் சாய்" என்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் நாங்கள் பேசத் தொடங்குகிறோம்.